பாவ்ஜூ கேட்ட வரம்

எங்கள் கரையில் பாவ்ஜூவைப் போல வேகமாகச் சிப்பி உடைக்க ஆளில்லை. கத்தியும் கூர், வாயும் கூர். ஓரகத்தி லியன்யிங் பெயரை எடுத்தால் மட்டும் வயிறு எரியும். கடலம்மா மூன்று வருஷமாக லியன்யிங் வீட்டிலேயே அல்லவா குடியிருந்தாள்!

கடலம்மா கோயிலின் சின்னச் சிலையை வருஷத்துக்கு ஒருவர் வீட்டுக்கு அழைத்துப் போவோம். யார் வீடு என்று அம்மாதான் சொல்ல வேண்டும். பெயர் சொல்லி, சத்தமாகக் கேட்டு, பிறை மாதிரி இரண்டு மூங்கில் துண்டுகளைத் தரையில் போடுவோம். ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் 'சரி'. தொடர்ந்து யாருக்கு அதிகம் 'சரி' விழுகிறதோ, அவர் வீடு.

"அவ படகுக்கு மட்டும் மீன் கொட்டுது. எல்லாம் அம்மா அங்க இருக்கறதால! என் வீட்ல கால் வெச்சா அம்மாவுக்கு வலிக்குமா?" என்று என்னிடம் பொருமுவாள் பாவ்ஜூ. இந்த வருஷம் புது மேசை வாங்கி, சிவப்புத் துணி விரித்துக் காத்திருந்தாள்.

துண்டு போட்ட அன்று லியன்யிங்குக்கு அதிகம் 'சரி' விழவில்லை. "அக்கா, இந்தத் தடவை உங்களுக்குத்தான்" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சிரிப்புதான் வினை. பாவ்ஜூ மண்டியிட்டுக் கத்தினாள்: "மூத்த மருமக பாவ்ஜூ கேக்கறேன்! இனிமே அவ வீட்டுக்குப் போக மாட்டேன்னு சொல்லு!"

சரி. மறுபடி சரி. போடப் போட சரி!

"அம்மா என் வீட்டுக்கு வர்றா!" என்று அழுதாள் பாவ்ஜூ.

கோயில் பெரியவர் காதைச் சொறிந்தார். "உன் வீட்டுக்கு நீ எங்க கூப்பிட்ட? அவ வீட்டுக்குப் போகாதேன்னுல்ல கேட்ட? அம்மாவும் சரின்னுட்டா. ஒருத்தருக்கு ஒரு கேள்விதான், எந்திரி."

தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டும் என்பார்களே, அதுதான். அம்மா டீக்கடைக்காரர் வீட்டுக்குப் போனாள்.

மேளம் தெருவைத் தாண்டியதும் லியன்யிங் வந்து பாவ்ஜூ பக்கத்தில் நின்றாள். முகத்தில் சிரிப்பில்லை.

"மூணு வருஷம் வீட்லயே வெச்சுக் கும்பிட்டேன். ஒரு பேரப்புள்ள கேட்டேன், குடுக்கல. நீங்க கேட்டதை உடனே குடுத்துட்டாளேக்கா! உங்க மேல அப்படி என்ன பிரியம் அவளுக்கு?"

பாவ்ஜூ மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எரியட்டும்டி, நல்லா எரியட்டும் உன் வயிறு."

வீட்டுக்கு வந்தாள். சிவப்புத் துணி விரித்த மேசைமேல் சிப்பிக் கூடையைத் தூக்கி வைத்தாள்.