தாஸ் துடைக்காத குங்குமம்

தாஸை எங்கள் நூலகத்தில் யாருக்கும் பிடிக்காது. அவருக்கும் எங்களில் யாரையும் பிடிக்காது. பெங்களூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் நூலகம் அது. நான் ஹெலன், அங்கே கடிதங்கள் அடிக்கிற குமாஸ்தா.

தாஸுக்கு ஐம்பத்து நான்கு வயது. அட்டெண்டர் வேலைக்குக் கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். அப்பா சுரங்கத் தொழிலாளி. தாத்தா காலத்திலேயே பௌத்தத்துக்கு மாறிய குடும்பம், பொட்டு, விபூதி எதுவும் அவர்கள் வீட்டில் கிடையாது. கூட்டத்தில் நின்றபடி வந்த எரிச்சலை ஒன்பது மணிக்கு எங்கள் தலையில் இறக்குவார். "வணக்கம்ணே" என்றால், "வணக்கம் இருக்கட்டும், அந்த ஃபேனை நிறுத்து, தூசி பறக்குது" என்பார்.

அவர் மரியாதையாக நடத்தியது ஒரே ஒரு புத்தகத்தைத்தான். ஏறக்குறைய ஐந்நூறு வருஷத்துக்கு முன் வெனிஸில் அச்சான இத்தாலியக் காதல் கவிதைகள். உள்ளங்கை அகலம். ஆட்டுத்தோல் அட்டையில் தங்க ரேக்கு வைத்து அழுத்திய கொடியும் இலையும், நடுவில் ஒரு பூ. கவிதையில் ஓர் எழுத்து அவருக்குத் தெரியாது, எனக்கும்தான். ஆனால் பின்னட்டையில் எத்தனை இலை, எது தேய்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வாரம் ஒரு முறை பெட்டியிலிருந்து எடுத்து மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுவார். அப்போது மட்டும் முகத்தில் கடுகடுப்பு இருக்காது. எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

போன வருஷம் ஆயுத பூஜையில் செயலாளர் நாகேஷ் கம்ப்யூட்டர், ஏணி, ஸ்டாப்ளர் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்தார். புத்தகம் தள்ளும் வண்டிக்கும் வைத்தார். புத்தகங்களில் ஒட்டிவிடும் என்று தாஸ் அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டார். நாகேஷுக்கு வந்ததே கோபம்!

"பூஜையை அவமானம் பண்றியாப்பா? மன்னிப்பு எழுதிக் குடு!"

கடிதத்தை அடித்தவள் நான். கடைசி வரியை நாகேஷே சொன்னார்: 'பூஜையில் வைத்த பொட்டை இனி எந்தப் பொருளிலிருந்தும், எந்தக் காரணத்துக்காகவும் துடைக்க மாட்டேன்.' தாஸ் கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றோடு என்னிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டார்.

இந்த வருஷம் நாகேஷ் இன்னும் ஒரு படி மேலே போனார். அந்தக் கவிதைப் புத்தகத்தையே மேஜையில் வைத்து, நடுப்பூவின் மேல் சந்தனமும் குங்குமமும் அப்பி, போட்டோ எடுத்துக்கொண்டார். நான் சர்ச்சுக்குப் போகிறவள். பொரியைத் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பூசணிக்காய் உடைத்து, மூன்று நாள் லீவுக்குக் கிளம்பினோம்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால், ஒரு ரூபாய் அளவுக்குத் தோலில் சிவப்பாகக் கறை இறங்கியிருந்தது. காய்ந்த சந்தனத்தோடு பூவின் தங்கமும் உதிர்ந்திருந்தது.

பழைய புத்தகங்களைச் செப்பனிடும் வைஷ்ணவியை வரவழைத்தோம். "அன்னிக்கே பஞ்சால ஒத்தி எடுத்திருந்தா பெருசா ஒண்ணும் ஆகியிருக்காது. இனிமே போகாது" என்றார்.

நாகேஷ் தாஸ் பக்கம் திரும்பினார். "கேட்டியாப்பா? புஸ்தகம் உன் பொறுப்புதானே? ஏன் துடைக்கல? சும்மா பார்த்துட்டு நின்னியா?"

வேலைநீக்கக் கடிதம் அடிக்கச் சொன்னார். இந்த வயதில் தாஸுக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்? ஆனாலும் அடித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

தாஸ் சட்டைப்பையிலிருந்து மடித்த நகலை எடுத்து மேஜையில் விரித்தார். "இதையும் படிங்க சார்."

நாகேஷ் படித்தார். "இது வண்டிக்குச் சொன்னதுப்பா."

"நான் வண்டின்னுதான் எழுதச் சொன்னேன். எந்தப் பொருளும்னு நீங்கதான் சேர்த்தீங்க. ஹெலன் இங்கதானே இருக்குது, கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமா சார், நீங்கதான் சொன்னீங்க" என்றேன். இதைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

வைஷ்ணவி பெட்டிக்குள்ளிருந்த சேதச் சீட்டை எடுத்தார். புத்தகத்துக்கு எது நேர்ந்தாலும் அதில் தேதியும் காரணமும் எழுதியாக வேண்டும். "காரணம் என்னன்னு போடட்டும் சார்?" என்று கேட்டார். நாகேஷ் ஜன்னலைப் பார்த்தார்.

"செயலாளர் நாகேஷ் வெச்ச குங்குமம்னு போடுங்க" என்றார் தாஸ்.

வைஷ்ணவி அப்படியே எழுதினார். நாகேஷ் வேலைநீக்கக் கடிதத்தை என் மேஜையிலிருந்து பிடுங்கிக் கிழித்துவிட்டு வெளியே போனார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். சாயங்காலம் தாஸிடம் போய், "நல்லா மூக்கை உடைச்சீங்கண்ணே" என்றேன்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசினார். "பூஜை அன்னிக்கு எல்லாரும் போனப்புறம் நான் அது பக்கத்துலதான் நின்னேன்மா. கையில பஞ்சு இருந்துச்சு. கறை புடிக்கும்னு நல்லாத் தெரியும். கெடக்கட்டும், அந்தாளு மாட்டட்டும்னு விட்டுட்டுப் போய் ரயிலைப் புடிச்சேன்."

பெட்டியைத் திறந்தார். கறையைத் தொடப் போன விரலைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டார்.

"சீட்டுல எம் பேரையும் எழுதும்மா."

"எழுதினா வேலை போயிடும்ணே."

என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, நாகேஷ் பெயருக்குக் கீழே தன் பெயரை அவரே எழுதினார்.