சுவரேறிய ஜமுக்காளம்

வாசகரே, சாட்சியாக என்னோடு வந்து இந்தச் சுவரைப் பாருங்கள். மெக்சிகோப் போர்வை ஒன்று, பாரசீகக் கம்பளம் ஒன்று, ஆப்பிரிக்கச் சாயத்துணி ஒன்று. இவற்றின் நடுவே, தேக்குச் சட்டத்தில் சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாகத் தொங்குகிறதே, அது எங்கள் தாராவித் தமிழ்ச் சங்கத்தின் பவானி ஜமுக்காளம்.

துவைத்துத் தருவதாகச் சொல்லி எடுத்துப் போனவர் எங்கள் சங்கத் தலைவர். தாராவியில் தோல் வணிகம் செய்து பெருகி, செம்பூரில் இந்த வீட்டைக் கட்டியவர். அந்த அறுபதுகளில் பம்பாய்ச் செல்வர்களை ஒரு மோகம் ஆட்டிவைத்தது. எந்த நாட்டுக் கைத்தறியும் சுவரில் ஏறினால்தான் வீட்டுக்கு நாகரிகம். நெய்தவன் எதற்காக நெய்தான் என்ற கேள்வி அந்தச் சுவர்களைத் தீண்டியதே இல்லை.

நான் பேசவிருந்த சங்கப் பட்டிமன்றப் போட்டியின் இறுதிச் சுற்றன்று காலை, ஜமுக்காளத்தைக் கேட்டு இந்த வீட்டுக்குப் போனேன். நுனியில் கை வைத்ததும் தலைவர் பதறினார்.

“ஏ தம்பி, தொட்டுராதடே! வெள்ளக்காரன் ஒருத்தன் இது முன்னால அசையாம நின்னான், தெரியுமா?”

“சாயங்காலம் சனங்க உக்காரணுமே, அண்ணாச்சி.”

“தார்ப்பாய் ஏதாவது விரிங்கடே. இது ஆர்ட்டு.”

துவைத்தும் போகாத வெற்றிலைக் கறையை இயற்கைச் சாயம் என்று விருந்தினருக்கு விளக்கினாராம். அதையும் பெருமையாகச் சொன்னார்.

மாலையில் பட்டிமன்றம் நடந்த இடத்தில் மழை ஈரம் ஊறிய சிமெண்டுத் தரை. தார்ப்பாயும் கிடைக்கவில்லை. பெண்கள் குழந்தைகளை மடியில் இருத்திக் குந்தியிருந்தார்கள். தலைவரோ மேடையில் நாற்காலியிட்டு அமர்ந்திருந்தார். பிறகு எழுந்து, கைவினைஞனை மதிக்காத சமூகம் உருப்படாது என்று முழங்கினார். காலையில் நடந்ததை என்னிடம் கேட்டறிந்த ஓர் அக்கா முன்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார்.

“எம்புள்ள மோண்ட சமுக்காளத்தையும் மதிச்சுத்தான் செவத்துல மாட்டியிருக்கியளா, அண்ணாச்சி?”

மன்றமே அதிர்ந்து சிரித்தது. தன்னைப் புகழ்ந்ததாக எண்ணித் தலைவரும் சிரித்தார். அத்தகைய செவிக்கு எந்தச் சொல் உறைக்கும்?

அடுத்து என் பெயரை அழைத்தார்கள். போட்டியில் வென்றவர் சென்னையில் நடக்கும் தமிழ் மாநாட்டு மேடையில் பம்பாய்த் தமிழருக்காகப் பேசலாம். ஓராண்டாக நான் உறக்கத்திலும் ஒத்திகை பார்த்த மேடை அது. அதன்பின் ஆண்டுகள் சில கழிந்துவிட்டன; மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வேறு மேடைகளில் என் குரல் ஒலிக்கிறது. சென்னைக்கு வேறொருவர் போனார். ஜமுக்காளம் இன்றும் நீங்கள் பார்த்த அதே சட்டத்தில்தான் தொங்குகிறது. அன்று நான் படியேறவில்லை. ஈரத் தரையில், அந்த அக்காவின் அருகில் நின்றபடியே, ஒலிபெருக்கி தேவைப்படாத குரலில் சொன்னேன்:

“இந்த மக்கள் அமரும் ஜமுக்காளம் அந்தச் சுவரைவிட்டு இறங்கி இந்தத் தரையில் விரியும்வரை, நான் இந்த மேடையில் ஏற மாட்டேன்.”