செயலாளர் நிறுத்திய காற்று

பீளமேட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பராமரித்துக்கொண்டிருந்தேன். வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பது என் வேலை. அன்றாடம் அதை இயக்கியவர் ஓர் அக்கா. நுண்ணுயிரிகள் அழுக்கைத் தின்ற பிறகு, தண்ணீரை மெம்பிரேன் என்ற நுண்துளை வடிகட்டித் தாள்கள் வழியாகப் பம்ப் உறிஞ்சி எடுக்கும். தாள்களில் சேறு அப்பாமலிருக்க அடியிலிருந்து காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவுதான் சங்கதி.

இது குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு மட்டும் விளங்கவில்லை. மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். விருந்தாளி யார் வந்தாலும் தொட்டிவரை இழுத்துவந்து, "ஃபாரின் டெக்னாலஜிங்க" என்பார். ஆனால் காற்று ஊதும் புளோயரின் இரைச்சல், பக்கத்துப் புல்தரையில் காலையில் அவர் நடத்தும் யோகா வகுப்புக்கு ஆகவில்லை.

"ஏனுங்க அம்மணி, ரண்டு மணி நேரம் அதை நிறுத்திப்போடுங்க," என்றார் அக்காவிடம்.

"காத்தை நிறுத்துனா பம்பையும் நிறுத்தோணுங்க. இல்லீன்னா அடைச்சுக்குமுங்க."

"பம்பை நிறுத்துனா தோட்டத்துக்குத் தண்ணி? சொன்னதைச் செய்யுங்க."

அக்கா செய்தார். புளோயர் நின்ற நேரத்தையும், தாள்கள் அடைபட அடைபட உறிஞ்சும் அழுத்தம் ஏறுவதையும் தினமும் நோட்டில் எழுதினார். நான் செயலாளரிடம் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "மெஷினைப் பத்தி எனக்கா சொல்றீங்க?" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

இரண்டு மாதத்தில், இந்தச் சுத்திகரித்த தண்ணீரையே நம்பியிருந்த கழிவறை ஃபிளஷ் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை. சங்கக் கூட்டத்தில் செயலாளர், அக்காவின் அஜாக்கிரதைதான் காரணம் என்று அடித்துச் சொல்லி, அங்கேயே வேலையிலிருந்து நிறுத்தினார். அக்கா என்னிடம் கொடுத்திருந்த நோட்டு என் மடியில்தான் இருந்தது. திறக்கவில்லை. அவருக்காவது அறியாமை, எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

மறுநாள் மெம்பிரேன்களைத் தூக்கி வெளியே வைத்தோம். தாள்களுக்கு இடையே விரல்கூட நுழையாதபடி சேறு இறுகியிருந்தது. செயலாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மட்டமான சரக்கைத் தலையில கட்டிப்போட்டாங்க," என்றார்.

கூடியிருந்தவர்கள் முன்னால் அப்போதுதான் நோட்டைத் திறந்து வாசித்தேன். புளோயர் நின்றது எல்லா நாளும் காலை ஆறிலிருந்து எட்டு.

"சரிங்க, உடுங்க. ஆகவேண்டியதைப் பாப்போம்," என்றார், கூட்டத்திலேயே பெருந்தன்மை மிக்கவர் அவர்தான் என்பதுபோல.

கழுவி மாட்ட மூன்று நாளாயிற்று. பிறகு அக்காவைப் போனில் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, திரும்ப வரச் சொன்னேன்.

"வாரேன்னு சொல்ல மனசில்லீங்க. கருமத்தம்பட்டில ஒரு பேக்டரில சேந்துட்டேன். இங்க சொன்னாக் கேக்கறாங்க," என்றார்.