மாலை போட்ட ஒய்.பி.யும் என் கடைசிப் பத்து நிமிஷமும்

பேசு என்று கூப்பிடுகிறவர்களே பேசாதே என்றும் சொல்லும் தொழில் என்னுடையது. ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், மலேசியாவில் கிள்ளான், பந்திங் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிகளில் ஆறாம் ஆண்டுப் பெண் பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிப் பேசப் போகிறேன். மொத்தம் ஒரு மணி நேரம். ஐம்பது நிமிஷம் வயதுக்கு வருவது பற்றி. கடைசிப் பத்து நிமிஷம், தொடக் கூடாதவர் தொட்டால் யாரிடம் சொல்வது என்பது பற்றி. முன்னதில் எதை வெட்டினாலும் பல்லைக் கடித்துக்கொள்வேன். அந்தப் பத்தை வெட்டினால் அன்று எனக்குச் சோறு இறங்காது. ஆசிரியர்களே, மிஸ்ஸிகளே, மேடை ஏறிப் பேசுகிறவர்களே, உங்களுக்கு இது புரியும்.

பக்தியான பேச்சு

ஒய்.பி. என்று ஊரே மரியாதையாகக் கூப்பிடும் எங்கள் வட்டாரச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம்தான் என் பேச்சுக்கு ஏற்பாடு செய்கிறது. அதனால் அவர் வந்து குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். நல்ல மனிதர்தான், கண் சரியாகத் தெரியாத பிள்ளைகளுக்கு மூக்குக்கண்ணாடி வாங்கித் தந்தவர். பந்திங்கில் ஒரு பள்ளிக்குக் கார்த்திகை மாதத்தில் கறுப்பு வேட்டியும் ஐயப்ப மாலையுமாக வந்தார். அவருடைய உதவியாளர் கணேசன் வாசலிலேயே என்னை மடக்கினார். “ஒய்.பி. மாலை போட்டிருக்கார் மிஸ்ஸி. அவர் ஹால்ல இருக்கிற வரைக்கும் அந்தத் தீட்டு மேட்டர், தொடுற மேட்டரெல்லாம் வேணாம் லா.”

விளக்கேற்றியதும் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் ஒழுக்கத்தைப் பற்றி முப்பது நிமிஷம் பேசிவிட்டு முதல் வரிசையில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் நகம் வெட்டுவதைப் பற்றிப் பேசினேன். கீரையைப் பற்றிப் பேசினேன். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் குடிப்பதைப் பற்றி இரண்டு தடவை பேசினேன். மணி அடித்தது, பிள்ளைகள் கலைந்தார்கள், என் பத்து நிமிஷம் போயே போய்விட்டது. ஒய்.பி. எழுந்து வந்து கும்பிட்டார். “பேச்சுன்னா இப்படித்தான் இருக்கணும் மிஸ்ஸி, பக்தியா.”

ஆணா பெண்ணா

சுங்கை வேயில் பெற்றோர்களுக்கு ஒரு கூட்டம். பிறப்பது ஆணா பெண்ணா என்பது அப்பாவின் விந்தணுவால்தான் முடிவாகிறது என்று படம் போட்டுக் காட்டினேன். மறுநாள் காலையிலேயே கணேசனின் போன். பிள்ளை ஆண்டவன் கொடுப்பது, அந்தப் படம் இனி கூடாது என்று ஒய்.பி. சொல்லிவிட்டாராம். இதற்குச் சண்டை போட்டால் என் கடைசிப் பத்து நிமிஷத்துக்கு வேட்டு வைப்பார்களே என்ற பயத்தில் சரி என்றேன். வெட்கமாக இருந்தது.

ஒய்.பி.க்கு நான்கு பெண் பிள்ளைகள். அதற்காக அவர் மனைவி மாமியாரிடம் வாங்கும் பேச்சு ஊரறிந்தது. அன்று சாயங்காலம் அந்த மனைவியே போன் செய்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு. “தூக்கச் சொன்னாங்களே மிஸ்ஸி, அந்தப் படத்தை மட்டும் எனக்கு வாட்ஸ்அப்ல போடுங்க.”

பிஸ்கட் டின்

பேச்சுக்கு முன் பிள்ளைகள் பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போட ஒரு பிஸ்கட் டின் வைப்பேன். கிள்ளானில் ஒரு பள்ளியில் புது உத்தரவு வந்தது. கணேசன் முதலில் படித்து, சமயத்துக்கு ஒவ்வாததை எடுத்துவிடுவாராம். சிவப்புப் பேனாவோடு காரில் உட்கார்ந்து சீட்டுகளைச் சலித்தெடுத்தார். என் கைக்கு ஒன்பது சீட்டுதான் வந்தது, எல்லாம் முகப்பரு பற்றி. எனக்கு மனசு அடித்துக்கொண்டது. ஒய்.பி.க்கு மாலை மரியாதை நடக்கும் நேரத்தில் கார் பக்கத்திலிருந்த குப்பைத்தொட்டியைக் கிளறினேன். பென்சிலில் எழுதி, சிவப்பில் அடித்த ஒரு சீட்டு கிடைத்தது. “மாமா தொட்டத வெளிய சொன்னா சாமி குத்தமா?”

மேடையில் ஒய்.பி. பேசிக்கொண்டிருந்தார். “வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது பிள்ளைங்களா. தாண்டினா சாமி குத்தம்.” எல்லாத் திருவிழாவிலும் அவர் சொல்வதுதான், நானும் கை தட்டியிருக்கிறேன். சீட்டு என் உள்ளங்கையில் நனைந்துபோயிற்று. அவர் இறங்கி முதல் வரிசையில் உட்கார்ந்ததும் நான் மைக்கைப் பிடித்துக் கடைசிப் பத்து நிமிஷத்தை முதலில் பேசினேன். எந்தப் பிள்ளையின் முகத்தையும் தனியாகப் பார்க்காமல் சொன்னேன்: “சொன்னா சாமி குத்தம் இல்ல. மறைக்கச் சொன்னவங்க மேலதான் குத்தம்.” பள்ளி விடும் வரை கவுன்சலிங் அறையில் இருப்பேன், சொல்ல வாய் வராவிட்டால் குடிக்கத் தண்ணீர் கேட்டால் போதும் என்றேன். ஒய்.பி. எழுந்து வெளியே போனார்.

அறையில் கவுன்சலிங் டீச்சரும் நானும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். சீட்டு எழுதியவள் பயந்துவிட்டாளோ, நான் சொன்னது அவள் காதில் விழவில்லையோ என்று டீச்சரிடம் இரண்டு தடவை கேட்டேன். முதலில் வந்தவர் கணேசன். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்து, அடித்த சீட்டை அவரிடம் நீட்டினேன். “சாமின்னு பார்த்ததும் அடிச்சிட்டேன் மிஸ்ஸி, மத்ததப் படிக்கவே இல்ல” என்றார். நிமிரவில்லை. அவருக்கும் அந்த வயதில் ஒரு மகள் உண்டு.

பள்ளி விட ஐந்து நிமிஷம் இருக்கும்போது கதவு மறுபடி திறந்தது. அதற்குப் பிறகு செய்ய வேண்டியதை டீச்சரும் நானும் அன்றே முறைப்படி செய்தோம். பிள்ளை அன்றிரவே பத்திரமான இடத்தில் தூங்கினாள். மற்றதை எழுத எனக்கு உரிமையில்லை. எழுதக்கூடியது, தோளில் புத்தகப்பையும் கையில் நிறைந்த தண்ணீர்ப் போத்தலுமாக வாசலில் நின்று அவள் சொன்னது மட்டும்தான்: “மிஸ்ஸி, குடிக்கத் தண்ணி வேணும்.”

விளக்கேற்ற ஒய்.பி. வராமல்போன நாளிலிருந்து, கூப்பிடுகிற பள்ளிகள் பாதியாகக் குறைந்திருந்தாலும், என் ஒரு மணி நேரத்தில் அறுபது நிமிஷம் இருக்கிறது.