விசில் கேட்கும் கொப்பி

வன்னியிலிருந்து அண்ணாவின் கடைசிக் கடிதம் வந்து எட்டு மாதமாகியிருந்தது. படகேறித் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டான் என்று ஒருவர் சொன்னார். இல்லை என்று இன்னொருவர் சொன்னார். நான் கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர். அம்மாவும் நானும் பிலிமத்தலாவையில் வாடகைக்கு இருந்தோம். அம்மா பேசுவதைக் கிட்டத்தட்ட விட்டிருந்தார். நானும் மரத்துப் போயிருந்ததால் அது எனக்கு வசதியாகவே இருந்தது.

பஸ் தரிப்புக்கு அருகே ஒரு முஸ்லிம்காரரின் சீடி கடை. எல்லோருக்கும் அவர் நானா. திருட்டு இணையத்தளங்களில் வரும் புதுப்படங்களை இறக்கி விற்பார். அந்தக் காலத்தில் ஒரே நடிகருக்கு அடுத்தடுத்து வெற்றி. திருட்டு சீடிக்காரர் தங்கள் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று தயாரிப்பாளர் ஒருவர் பத்திரிகையில் புலம்பியிருந்தார். நியாயம்தான். வாசித்துவிட்டு அந்தத் தாளிலேயே காலைச் சாப்பாட்டுக்கு வாங்கிய பாணைச் சுற்றி வைத்தேன்.

முதல் படத்தை வாங்கும்போதே நானா எச்சரித்தார்.

"இது தமிழ்நாட்டுத் தியேட்டர்ல கள்ளமா எடுத்த கமரா கொப்பி மிஸ். சனங்கட சத்தமும் ஈக்கும்."

"பரவாயில்லை, தாங்கோ."

கதாநாயகன் திரையில் தோன்றியதும் ஒரே கூச்சல். அதற்குள் ஒரு விசில்: இரண்டு குட்டை, ஒன்று நீளம். யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் அண்ணா அப்படித்தான் அடிப்பான். அதற்காக அம்மாவிடம் நிறைய ஏச்சு வாங்கியிருக்கிறான்.

அம்மா கதிரையில் நிமிர்ந்தார். "திருப்பிப் போடு பிள்ளை."

எத்தனை தடவை திருப்பிப் போட்டேன் என்று தெரியாது.

"அவன்தான்" என்றார்.

ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் விசில் அடிப்பார்கள். "ஓம்" என்றேன்.

இரண்டாவது படத்திலும் அந்த விசில் கேட்டது. அல்லது கேட்டதென்று இருவரும் முடிவு செய்தோம். அந்த நடிகரின் அடுத்த படமும் ஓட வேண்டும் என்று நேர்த்தி வைக்காத குறைதான். ஓடாத படத்துக்கு யார் விசில் அடிப்பார்கள்?

அதற்குள் போர் முடிந்தது. கண்டி வீதிகளில் வெடி கொளுத்தினார்கள். அலுவலகத்தில் வெற்றிக் கொண்டாட்டமென்று பாற்சோறு தந்தார்கள். சாப்பிட்டேன். உப்புக் காணாது என்று மட்டும் தோன்றியது.

மூன்றாவது படமும் பெரிய வெற்றி. நானா எனக்கென்று ஒன்றை எடுத்து வைத்திருந்தார்.

"இது சும்மா கண்ணாடி மாதிரி மிஸ். ஒரு இருமல் சத்தம்கூட இல்ல."

"கமரா கொப்பி ஒண்டும் இல்லையோ நானா?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அந்தக் குப்பை உங்களுக்கு என்னத்துக்கு?"

வீட்டுக்கு வந்து போட்டேன். அவர் சொன்னது உண்மைதான். கதாநாயகன் வந்தான், சிரித்தான், ஆடினான். யாரும் கத்தவில்லை. இது தியேட்டரில் எடுத்ததில்லை என்று அம்மாவுக்குச் சொல்லியிருக்கலாம்.

கடைசி எழுத்து ஓடி முடியும்வரை அம்மா கதிரையை விட்டு அசையவில்லை. பிறகு எழுந்து தானே டிவியை நிறுத்தினார்.

"இந்தப் படத்துக்கு அவன் வரேல்லை" என்றார்.