மேவிஸ் எழுதி வைத்த குறிப்புகள்

ராய்ஸ் கார்க்கம் கட்சி மாறிய செய்தி மேவிஸ் ஐஸ்னருக்கு வானொலியில்தான் தெரியவந்தது. பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மதியம். எங்கள் கடற்கரை ஊரான போர்ட் ஹார்லனில் மருந்துக்கடைக்குப் பக்கத்தில் இருந்த எம்.பி. அலுவலகத்தில் அவள் ஒரு பெரியவரின் ஓய்வூதிய விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். எங்கள் தொகுதி எம்.பி. எதிர்க்கட்சியை விட்டு விலகி ஆளும் கட்சி வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார் என்று செய்தி வாசித்தவர் சொன்னார். பெரியவர் அவளையே பார்த்தார்.

"உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"பத்தொம்பது வருசமா அவன் கூட இருக்க."

"டாக்டர் கையெழுத்து இந்த இடத்துல வேணும்," என்றாள் மேவிஸ். விண்ணப்பத்தை நிரப்பி முடித்து, உறையில் போட்டு, தபால்தலை ஒட்டிக் கொடுத்து அனுப்பிய பிறகுதான் தொலைபேசியை எடுத்தாள். அதற்குள் அது பலமுறை அடித்து ஓய்ந்திருந்தது. முதலில் எடுத்த அழைப்பிலேயே ஒருவர், "நீயும் தாவிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

நான், ராய்ஸ், மேவிஸ் மூவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஊரின் வாரப் பத்திரிகையை நான் நடத்துகிறேன். ராய்ஸ் முதல் தடவை தேர்தலில் நின்றபோது ஆதரவாளர் வீட்டு வாசலில் நடும் பெயர்ப் பலகைகளுக்கு வண்ணம் அடித்தது மேவிஸின் வண்டிக் கொட்டகையில். அப்போதுதான் அவள் கணவன் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வேலை வேண்டும் என்பதைவிட, நாலு பேரோடு இருக்க ஓர் இடம் வேண்டும் என்றுதான் வந்தாள். ராய்ஸ் ஜெயித்ததும் அவளையே அலுவலகத்தில் அமர்த்திக்கொண்டான். பகலில் அரசாங்கச் சம்பளத்தில் எல்லாருக்கும் வேலை. மாலையில் சம்பளமில்லாமல் கட்சிக்கு வேலை.

தேர்தல் சமயத்தில் யார் வீட்டு வாசலில் பலகை நடலாம், யார் வீட்டில் கூடாது என்பது அவளுக்கு அத்துபடி. அதை ஒரு பட்டியலாக வைத்திருந்தாள். முதலில் நோட்டுப் புத்தகம், பிறகு கணினி. வெறும் பெயரும் முகவரியும் அல்ல. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வரி இருக்கும். 'நாய் கடிக்கும், பின்வாசல் வழியாகப் போகவும்.' 'மகன் சிறையில், மகனைப் பற்றிக் கேட்க வேண்டாம்.' 'இடுப்பு ஆபரேஷன், மார்ச்.' ஒவ்வொருவரோடும் நின்று பேசித் தெரிந்துகொண்டவை. நல்ல மனதோடு எழுதியவை. யாரை எப்படிப் புண்படாமல் அணுகுவது என்பதற்காக எழுதியவை.

கட்சி மாறுவதற்குப் பதினைந்து நாள் முன்பு ராய்ஸ் அவளுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தான். 'பட்டியல் முழுசும் வேணும், குறிப்புகளோட. பார்லிமென்ட் நடக்கறப்ப ஒட்டாவாவுல உக்காந்து படிக்கணும்.' தேர்தல் வரப்போகிறது, படிக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்து அவள் அனுப்பிவைத்தாள்.

சனிக்கிழமை ராய்ஸ் ஊருக்கு வந்தான். அலுவலகத்தில் கோட்டைக்கூடக் கழற்றாமல் அவள் எதிரே உட்கார்ந்தான்.

"உன்கிட்ட முன்னாடியே சொல்லிருக்கணும். சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

"யாரு?"

"மேல இருக்கறவங்க. மேவிஸ், போன டிசம்பர் புயல்ல என்ன ஆச்சுன்னு நீயே பாத்த. அலைத்தடுப்புச் சுவர் பாதி போயிடுச்சு. மூணு படகு போச்சு. எதிர்வரிசைல உக்காந்து இத்தனை வருசம் கத்தினேன். ஒரு கல்லு வந்துச்சா? இப்ப சுவர் வரும். எழுதியே குடுத்துருக்காங்க."

"சுவருக்காகத்தான் போனியா?"

"வேற எதுக்கு?"

கருத்துக்கணிப்பில் அவனுடைய பழைய கட்சி அதலபாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்ததை அவளும் படித்திருந்தாள். அதைச் சொல்லவில்லை. ஊரில் சிலருக்கு இன்னும் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது, மீன் பதப்படுத்தும் ஆலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்களுக்கு வேலையில்லாக் காலப் பணம் வந்து சேரவில்லை. அவள் வேலையில் தொடர்ந்தாள். அடுத்த வாரம் யாரோ, கட்சி தாவியதற்குக் கிண்டலாக, அலுவலக வாசற்படியில் ஒரு கங்காரு பொம்மையை வைத்துவிட்டுப் போனார்கள். அவள் அதை எடுத்து, அம்மாவோடு வந்த ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டாள்.

ஏப்ரலில் தேர்தல் அறிவித்தார்கள். ஆளும் கட்சி எல்லாக் கணிப்பிலும் முன்னால் இருந்தது. ஆனாலும் எங்கள் தொகுதியில் ராய்ஸ் ஜெயிப்பானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. துறைமுகத்தில் இருப்பவர்கள் அவன் பக்கம். உள்ளே பண்ணைகளில் இருப்பவர்கள் அவன் பெயரைச் சொன்னாலே காறித் துப்பினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அழைப்புகள் போக ஆரம்பித்தன. பழைய கட்சிக்காரர்களின் வீடுகளுக்கு ஆளும் கட்சியிலிருந்து தொலைபேசி. பேசியவர்கள் வேறு மாகாணத்தில் எங்கோ உட்கார்ந்து, முன்னால் இருந்த திரையைப் பார்த்து வாசித்தவர்கள். "உங்க இடுப்பு ஆபரேஷன் நல்லா முடிஞ்சிருக்கும்னு நம்புறோம்." கேட்ட கிழவிக்கு முதலில் சந்தோஷம், பிறகு பயம். இவர்களுக்கு எப்படித் தெரியும்?

மேவிஸை நம்பி மனம்விட்டுப் பேசுகிற எட்னாவின் வீட்டுக்கு வந்த அழைப்பை அவள் புருஷன் எடுத்தான். அவன் பரம்பரையாக ஆளும் கட்சி. வீட்டில் இரண்டு ஓட்டும் அதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவன். மேவிஸின் பட்டியலில் எட்னாவுக்கு எதிரே இருந்தது இது: 'பதினோரு வருடமாக நமக்குத்தான் ஓட்டு. கணவருக்குத் தெரியாது. வீட்டுக்குப் போக வேண்டாம், கடையில் பார்த்தால் பேசவும்.' அழைத்த பெண் உற்சாகமாகச் சொன்னாளாம்: "உங்க மனைவி ரொம்ப நாளா ராய்ஸுக்குத்தான் ஓட்டுப் போடறாங்க. இப்ப ராய்ஸே நம்ம பக்கம் வந்துட்டாரு, இனிமே ரெண்டு பேரும் சேர்ந்தே போடலாம்."

அவன் அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. "இன்னும் என்னென்ன மறைச்ச?" என்று மட்டும் கேட்டான். பிறகு எட்டு நாள் பேசவில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து தன் தட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்ச் சாப்பிட்டான். ஒன்பதாம் நாள் எட்னா ஒரு பெட்டியோடு பிரிட்ஜ்வாட்டரில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். போகும் வழியில் மேவிஸ் வீட்டின் முன் காரை நிறுத்தினாள். இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினாள்.

"உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். நீ அத எழுதியா வச்ச?"

பதிலுக்குக் காத்திருக்காமல் கண்ணாடியை ஏற்றினாள். கார் போய்விட்டது.

பழைய கட்சியின் தொகுதித் தலைவர் ஹார்ட்லி நிக்கிள், கட்சிக்குச் சொந்தமான பட்டியல் திருடப்பட்டதாகத் தேர்தல் அதிகாரிகளிடம் புகார் கொடுத்தார். நான் ராய்ஸிடம் விளக்கம் கேட்டேன். அவனுடைய பிரச்சாரக் குழுவிலிருந்து நான்கு வரி வந்தது. 'அலுவலக ஊழியர் ஒருவர் தன்னிச்சையாகத் தகவல்களைப் பகிர்ந்திருக்கலாம் என்று தெரிகிறது. அவர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டுள்ளார்.' அச்சுக்குப் போக இரண்டு மணி நேரம் இருந்தது. முதல் பக்கத்தில் அப்படியே போட்டேன். அந்த அலுவலகத்தில் இருந்ததே ஒரு ஊழியர்தான். இதை மறைத்து எழுதிப் பயனில்லை: மேவிஸைக் கூப்பிட்டு நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு வேலை போன விஷயம் என் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

மறுநாள் காலை அவள் என் அலுவலகத்துக்கு வந்தாள். பத்திரிகையை மேசைமேல் வைத்தாள்.

"என் வீடு இங்கிருந்து எவ்வளவு தூரம், லோரன்?"

"மேவிஸ்..."

"நடந்தா அஞ்சு நிமிசம். போன் பண்ணா அஞ்சு நொடி."

கைப்பேசியை எடுத்து ராய்ஸ் அனுப்பிய செய்தியைக் காட்டினாள். படித்தேன்.

"இத இந்த வாரமே போட்டுடறேன். முதல் பக்கத்துலயே."

"வேணாம். போட்டா ஹார்ட்லி கட்சி ஜெயிக்கும், போடலைன்னா ராய்ஸ் ஜெயிப்பான். அதுக்கு நடுவுல எட்னா எங்க இருக்கா?"

அவள் பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குள் அந்தச் செய்தியைப் பற்றி எப்படியோ மோப்பம் பிடித்து ஹார்ட்லி அவள் வீட்டுக்குப் போனார். தீயணைப்பு நிலையக் கூடத்தில் வேட்பாளர்கள் எல்லாரும் பேசும் கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை. அவள் மேடையேறி அந்தச் செய்தியை வாசித்தால் போதும் என்றார்.

"ரெண்டே நிமிசம்மா. ஊரே உன் பக்கம் திரும்பும். அந்தத் துரோகி எந்திரிக்கவே மாட்டான்."

"எட்னா வீட்டுல என்ன நடந்துச்சுன்னும் மேடைல சொல்லணுமா?"

"அது... சொன்னா நல்லாத்தான் இருக்கும். பேர் சொல்ல வேணாம்."

"போர்ட் ஹார்லன்ல பேர் சொல்லாட்டி தெரியாதா? பட்டியலக் குடுத்து ஒருத்தி வீட்டக் கெடுத்தது போதும், ஹார்ட்லி. காப்பி ஆறிப் போச்சு, எந்திரிங்க."

அன்று சாயங்காலம் தம்பி வெல்டன் வந்தான். சிங்கி இறால் பிடிக்கிறவன். சுவர் உடைந்தபோது போன மூன்று படகுகளில் ஒன்று அவனுடையது. வேறு ஒருவருடைய படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். சமையலறையில் நின்றபடியே பேசினான்.

"அக்கா, நீ வாயத் தொறந்தா ராய்ஸ் தோப்பான்."

"தோக்கட்டுமே."

"அவன் தோத்தா சுவர் இல்ல. இன்னொரு டிசம்பர் வந்தா படகு மட்டும் போகாது, ஆளும் போகும். நான் அவனுக்கு நல்லவன்னு சர்ட்டிபிகேட் குடுக்கல. சுவர் வேணும், அவ்வளவுதான்."

"உன் அக்காவத் திருடின்னு ஊர் பூரா சொல்லுது. பேப்பர்லயே போட்டாச்சு."

வெல்டன் தரையைப் பார்த்தான். "தெரியும்க்கா," என்றான். "தெரிஞ்சுதான் கேக்கறேன்." அவன் அழுவதை அப்பா இறந்ததற்குப் பிறகு அன்றுதான் பார்த்ததாக அவள் என்னிடம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு மேவிஸ் போகவில்லை. அதற்கு முந்தைய இரண்டு நாளும், பிந்தைய ஒரு வாரமும் வேறொரு காரியம் செய்தாள். பட்டியலில் அந்தரங்கமான வரி எழுதப்பட்டிருந்த வீடுகளை எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தொன்று. ஒவ்வொன்றாகப் போய்க் கதவைத் தட்டினாள். ஓட்டு பற்றிப் பேசவில்லை. எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு: "உங்களப் பத்தி நான் இத எழுதி வச்சிருந்தேன். ராய்ஸ் கேட்டான், குடுத்தேன். எதுக்குன்னு கேக்கல. எழுதினதே தப்பு. மன்னிச்சுடுங்க."

சிலர் உள்ளே கூப்பிட்டு ஓட்ஸ் ரொட்டியும் தேநீரும் கொடுத்தார்கள். 'நாய் கடிக்கும்' வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். நாய் செத்து நாலு வருடமாகிறதாம். மகன் சிறையில் இருந்த தாய் வாசலிலேயே நிற்கவைத்து, அந்த வரியைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். மேவிஸ் சொன்னாள். கதவு சாத்தப்பட்டது. மேவிஸ் படியிறங்கி, காருக்குள் உட்கார்ந்து, பட்டியலில் அந்தப் பெயரை அடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனாள். ஈரப்பனியில் ஒன்பது நாள்.

இதில் உண்மை தானாகவே வெளியே வந்துவிட்டது. அவள் மேடையேறவில்லையே தவிர, நாற்பத்தொரு வீட்டிலும் ராய்ஸ் பெயரைச் சொல்லியிருந்தாள். வெல்டன் அவளோடு பேசுவதை நிறுத்தினான். ஹார்ட்லியின் புகாரை விசாரித்த அதிகாரி கேட்டபோது ராய்ஸ் அனுப்பிய செய்தியையும் கொடுத்தாள். நானும் தவறை ஒப்புக்கொண்டு திருத்தம் போட்டேன். ஆனால் அது நாலாம் பக்கத்தில். முதல் பக்கத்தில் தேர்தல் கணிப்பு இருந்தது.

ராய்ஸ் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தான். துறைமுக வாக்குச்சாவடிகள்தான் அவனைக் கரையேற்றின. மேவிஸ் யாருக்குப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை.

சுவர் வந்தது. அடுத்த கோடையில் லாரி லாரியாகக் கருங்கல் இறங்கியது. அதற்குப் பிறகு வந்த புயலில் ஒரு படகுகூடப் போகவில்லை. விசாரணை அறிக்கை பதினான்கு மாதம் கழித்து வந்தது. நடைமுறைகளை மேம்படுத்த வேண்டும் என்று சொன்னது, யார் பெயரும் அதில் இல்லை. ராய்ஸுக்கு எதிர்பார்த்த மந்திரி பதவி கிடைக்கவில்லை. மேவிஸை நேருக்கு நேர் பார்த்தால் தலையசைப்பான். மன்னிப்பு என்ற சொல்லை அவன் சொல்லவே இல்லை.

மேவிஸ் இப்போது மீன் ஆலையில் எடை போடுகிற அறையில் வேலை பார்க்கிறாள். வெல்டனுக்குக் குழந்தை பிறந்தபோது பேச்சு மீண்டது. ஆனால் தேர்தல் பற்றிய பேச்சு வந்தால் இருவரில் ஒருவர் எழுந்துபோய்விடுவார்கள். எட்னா புருஷனிடம் திரும்பவில்லை. மேவிஸ் மூன்று தடவை பிரிட்ஜ்வாட்டர் போனாள். மூன்றாம் தடவை எட்னா வாசலில் வந்து நின்று, "எனக்கு உன்மேல கோவம் போகல. ஆனா குளுருது, உள்ள வா," என்றாளாம். அதற்கு மேல் என்ன பேசினார்கள் என்று மேவிஸ் சொல்லவில்லை.

இதையெல்லாம் எழுதலாமா என்று இந்த முறை அவள் வீட்டுக்கு நடந்துபோய்க் கேட்டேன்.

"எழுது. என் பேரு, ராய்ஸ் பேரு, உன் பேரு எல்லாம் அப்படியே இருக்கட்டும். அவ பேர மட்டும் மாத்திடு."

மாற்றியிருக்கிறேன்.