தூரத்தில் நிற்பவர்களுக்கும் முகம் உண்டு

தூரத்தில் நிற்பவர்களுக்கும் முகம் உண்டு என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. கேட்டால் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு லேஸ் அறையில் இருந்த பெண்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்காதவள் நான் ஒருத்திதான்.

அதுவரை நான் நினைத்திருந்தது இவ்வளவுதான். கொஞ்சம் தள்ளிப் போனால் மனிதர்கள் கரைந்துவிடுவார்கள். வெள்ளையாக ஒன்று அசைந்து வந்தால் ஆண், நிறமாக வந்தால் பெண். இன்னார் என்பதை நடையையும் இருமலையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாரும் அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள், எனக்கு அந்தச் சாமர்த்தியம் கொஞ்சம் மட்டு என்று எண்ணிக்கொண்டேன். மரம் என்றால் பச்சையாக ஒரு பொதி. இலை கீழே விழுந்தால்தான் இலையாகும். ஞாயிறு பள்ளியில் நட்சத்திரங்களைப் பற்றிப் பாடும்போது, பரலோகத்தைப் போல அவையும் காணாமலே விசுவாசிக்க வேண்டிய காரியம் என்று நினைத்தேன். யாரிடமும் கேட்டதில்லை. தண்ணீர் நனைக்குமா என்று யாராவது கேட்பார்களா?

மற்றவர்களுக்கும் சந்தேகம் வரவில்லை. அதற்குக் காரணம் என் வேலை. அருமனைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். மிஷன் பங்களாவின் பின்கட்டில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் லேஸ் பின்னினோம். உருண்டைத் தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட வேண்டும். நூல் தலைமுடியைவிட மெல்லியது. எங்காவது கண்ணி தவறினால் அந்தத் தலையணை என் மடிக்குத்தான் வரும். "கண்ணுன்னா அவளுக்க கண்ணுதான்" என்பார்கள். அம்மாவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

அதே கண்ணை வைத்துக்கொண்டு எதிரே வருகிறவர்களைக் கண்டுகொள்ளாமல் போனால் ஊர் என்ன சொல்லும்? தலைக்கனம் என்றது. என்னைப் பெண் கேட்டு வர இருந்த வீட்டு அம்மாள் மார்த்தாண்டம் சந்தையில் சிரித்த முகமாக எதிரே வந்தாளாம். நான் அவளைத் தாண்டிப் போய்ப் புளி என்ன விலை என்று கேட்டேனாம். சம்பந்தம் அதோடு முறிந்தது. பிறகும் ஒன்றும் அமையவில்லை. அதற்காக நான் பெரிதாக வருத்தப்பட்டதில்லை. என் வருத்தம் அண்ணனைப் பற்றியது.

அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். வீட்டில் அம்மா, அண்ணன், நான். எனக்கு நாகர்கோவிலில் வாத்திச்சிப் படிப்புக்குப் போக ஆசை. இடமும் கிடைத்தது. அண்ணன் முடியாது என்றுவிட்டான். அவனுக்கு இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை சரியாகியிருந்தது. "நானும் போயி நீயும் போனா அம்மைக்கு யாரு இருக்கா?" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன். சாப்பாட்டுத் தட்டை அவன் முன்னால் சத்தம் கேட்கும்படி வைப்பேன். "ஏட்டி, ஒரு வாக்கு பேசப்பிடாதா?" என்று கேட்பான். நான் அடுக்களைக்குள் போய்விடுவேன்.

அவன் புறப்படும் நாள் நெருங்கியபோது கோபம் வடிந்துவிட்டது, ரோஷம் வடியவில்லை. போகிற அன்றைக்குக் காலையில் பேசிவிடலாம் என்றிருந்தேன். அன்றைக்குப் பார்த்தால் வீடு நிறைய ஆட்கள். உபதேசியார் வந்து ஜெபம் பண்ணினார். அண்ணன் என்னைத் தேடி அடுக்களை வாசல்வரை வந்து, அங்கே நின்ற பெண்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். தூரப் பயணம் புறப்பட்டு நடையிறங்கியவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. அவனும் திரும்பிப் பார்க்கக் கூடாது. இதெல்லாம் அஞ்ஞானிகளின் பழக்கம் என்று போதகர் பிரசங்கத்தில் கண்டிப்பார். அம்மா வேதக்கோவிலில் தலையை ஆட்டிவிட்டு வீட்டில் வழக்கம்போல நடந்துகொள்வாள். அண்ணன் இறங்கி வயலுக்குள் போனான். நான் பின்னாலேயே ஓடி வயல்கரையில் நின்றேன். கூப்பிட வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். வரப்பில் அவனுடைய வெள்ளை வேட்டி சிறுத்துக்கொண்டே போய்ப் பச்சையோடு கலந்துவிட்டது.

வயலுக்கு அக்கரையில் மேட்டில் ஓர் அயினி மரம். அங்கே பாதை வளைந்து மார்த்தாண்டத்துக்குப் போகும். அவனுக்கு என்மேல் பாசம் இருந்தால் வழக்கத்தையும் மீறி அங்கிருந்து ஒரு சத்தம் கொடுப்பான் என்று காத்து நின்றேன். சத்தம் ஒன்றும் வரவில்லை. சரி, போ என்று மனசுக்குள் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

இரண்டாவது மழைக்காலத்தில் தோட்டத்துக் காய்ச்சலில் அவன் இறந்தான். அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள். நானும் அழுதேன். ஆனால் அந்த அழுகைக்குள்ளும் ஒரு முள் கிடந்தது. ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்காமல் போனவன்தானே என்ற முள். அதோடுதான் பல வருஷம் இருந்தேன்.

லேஸ் அறைச் சுவரில் அந்தந்த வருஷத்து வாக்குத்தத்த வேத வசனத்தைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதித் தொங்கவிடுவார்கள். ஒரு புதுவருஷம் கழிந்து வேலை தொடங்கிய அன்று, புதிதாக வந்திருந்த மிஸ்ஸியம்மா எங்களை ஒவ்வொருவராக எழுப்பி, இருந்த இடத்திலிருந்தே அதை வாசிக்கச் சொன்னாள். வெள்ளைக்காரிக்கு நாங்கள் தமிழ் வாசிப்பது கேட்க ஆசையாக இருந்திருக்கும். முதலில் என்னைத்தான் எழுப்பினாள். நான் கணீரென்று சொன்னேன். அது போன வருஷத்து வசனம். அட்டையை மாற்றியிருந்தது எனக்குத் தெரியாது. அவ்வளவு தூரத்து எழுத்தை மனிதர்கள் வாசிக்க முடியும் என்பதே தெரியாது. எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வதாகத்தான் நினைத்திருந்தேன்.

சிரித்து அடங்கிய பிறகு மிஸ்ஸியம்மா என்னை மிஷன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். கண்ணாடி வந்து சேரக் கொஞ்ச நாள் ஆயிற்று. அதை மாட்டிக்கொண்டு வெளியே வந்ததும் ஒரு மாமரத்தின் உச்சியில் தனித்தனியாக இலை தெரிந்தது. சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் பொய். பயம்தான் வந்தது. இத்தனை காலம் எதையெல்லாம் காணாமல் விட்டேனோ என்ற பயம்.

வீட்டுக்கு வரும்போது அம்மா வயல்கரையில் ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். நான் அக்கரையைப் பார்த்தேன். அயினி மரத்தடியில் யாரோ ஓர் ஆள் தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் எங்கள் பக்கம் திரும்பி நின்றதுகூடத் தெரிந்தது.

"அம்மா, அண்ணன் போனப்போ திரும்பிப் பாத்தானா?"

அம்மா அறுப்பதை நிறுத்தினாள். "இது என்ன கேள்வி? உனக்குத் தெரியாதா?"

"சொல்லு."

"அந்த மரத்தடியிலதான் நின்னான். திரும்பப்பிடாதுன்னு அவனுக்குத் தெரியாதா? ஆனாலும் திரும்பி நின்னு உனக்குக் கை காட்டினான். நீ அனங்காம நின்ன. பெறவு துண்டை எடுத்து வீசிக் காட்டினான். அப்பவும் கல்லு மாதிரி நின்ன. அந்தத் துண்டுலயே மொகத்தைத் தொடச்சிட்டுப் போனான்." அம்மா புல்லைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நான் முற்றத்துல நின்னு எல்லாம் பாத்தேன். செத்தவன் காரியம், பேசி என்ன ஆகப்போகுதுன்னு உங்கிட்ட கேக்கல்ல."

இத்தனை வருஷம் என்னை அப்படிப்பட்டவள் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் எனக்குச் சோறு பரிமாறியிருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை அம்மா, கண் தெரியவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. "நூலுக்குள்ள நூலைப் பாக்குற கண்ணு, உனக்கா தெரியல்ல?" என்றாள்.

கண்ணாடியைக் கழற்றி அவள் முகத்தில் மாட்டினேன். அம்மா சுற்றிலும் பார்த்தாள். கையை நீட்டி எதையோ துழாவினாள்.

"என்ன மக்கா இது, எல்லாம் கலங்கிக் கெடக்கு. ஒண்ணும் தெரியல்லியே."

"எனக்கு எப்பவும் அப்படித்தான் இருந்துது."

அவள் மெதுவாக அக்கரைப் பக்கம் திரும்பினாள். கண்ணாடியோடு வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு அதைக் கழற்றி, முந்தானையால் துடைத்து என் கையில் வைத்தாள்.

"இதை இனி அவன்கிட்ட யாரு மக்கா சொல்லுவா?"

நான் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டேன். அந்த ஆள் அதற்குள் போய்விட்டிருந்தான். அயினி மரத்தடியில் யாரும் இல்லை என்பது தெளிவாகத் தெரிந்தது.